பதினேழாவது படிவம்

"பதினேழுக்கு ஆம்பள எடுத்தாருப்பா," என்றான் டேவிட்.

கலைமதி ஓர் அடிக்குறிப்பின் எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்ததை நூற்றுப் பதின்மூன்று ஆக்கினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

காலை பத்தே கால். திருச்சியில் ஒரு பல்கலைக்கழகம். மகளிரியல் துறையின் இரண்டாவது மாடியில் ஆய்வு மாணவர் அறை. நான்கு மேஜை, சத்தம் போடும் ஒரு ஃபேன், இரண்டு பேர்.

"எந்தப் பதினேழு?"

"ஒன்னோட பதினேழுதான். மறுசரிபார்ப்பு. மேடம் எங்கிட்டதான குடுத்தாங்க?"

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. பேட்டி கொடுத்தவர்களில் பத்துக்கு ஒருவரை வேறொரு மாணவர் போனில் அழைத்து, "உங்களை உண்மையிலேயே சந்தித்தார்களா?" என்று கேட்க வேண்டும். ஹாஸ்டலில் உட்கார்ந்து பேட்டியைக் கற்பனை செய்து எழுதுகிறவர்களைப் பிடிக்கப் போன வருடம் கொண்டுவந்த விதி. கலைமதி பேட்டி எடுத்தது நாற்பத்திரண்டு பெண்களை. அழைக்க வேண்டியது ஐந்து பேரை. டேவிட் கண்ணை மூடிக்கொண்டு முதலில் உருவிய படிவம் பதினேழு.

"நீ என்ன சொன்ன?"

"குடுத்த பேப்பர்ல இருந்ததத்தான். 'வணக்கம், கணவர் அறியாமல் கருத்தடை மேற்கொள்ளும் மணமான பெண்கள், புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் என்ற ஆய்வில் தாங்கள் பங்கேற்றதைச் சரிபார்க்க அழைக்கிறோம்'னு."

"ஆம்பளக் குரல் கேட்டப்பறமுமா?"

"ஹலோன்ன ஒடனே படிச்சுட்டேன் கலை. முடிச்சப்பறந்தான் ஆம்பளன்னு ஒறச்சுச்சு. மறுபடி சொல்லுங்கன்னாரு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"பேரு?"

டேவிட் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தான். ஆவூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன். பொய் சொல்ல வராது. "'திலகவதி இருக்காங்களா'ன்னு கேட்டேன். படிவத்துல இருந்துச்சே."

"அவரு என்ன சொன்னாரு?"

"'துணி காயப்போடுறா, சாயந்தரம் கூப்பிடுங்க'ன்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு."

கலைமதி கம்ப்யூட்டரை அணைத்தாள். இதயம் படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை.

அது கொஞ்ச நாளாகவே அப்படித்தான். முதல் ஆறு பேட்டிகளுக்கு ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஏழாவதுக்கு டீ குடித்தாள். இருபதாவதன் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக்கும்போது முறுக்கு தின்ன முடிந்தது. மனஉறுதி என்றாள் அறைத்தோழி. உறுதியெல்லாம் இல்லை. நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி. கிள்ளினால் தெரியாது.

திலகவதியை மட்டும் எழுத்தாக்கம் பார்க்காமலே நினைவிருந்தது. முப்பத்தொரு வயது. அரிமளத்துக்குத் தெற்கே செங்கண்மாய். இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் சேவுகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன். வருடத்துக்கு நாற்பது நாள் லீவு. ஒவ்வொரு லீவும் ஆண் பிள்ளைக்காக. இரண்டாவது பிரசவத்தில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள் திலகவதி. ஒன்றரை வருடம் கழித்து, சின்னவளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸிடம் தனியாகப் பேசி காப்பர் டி போட்டுக்கொண்டாள். யாருக்கும் தெரியாது. நூறு நாள் வேலையில், கண்மாய்க் கரையில், சாப்பாட்டு நேரத்தில் கலைமதியிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்: "வெளிய போகாதுல்ல?"

"போகாதுக்கா."

போகாமல் இருக்க என்னென்ன செய்தாள்! படிவத்தின் நகலை ஒருத்தியிடமும் கொடுக்கவில்லை, வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. ஸ்கேன் செய்து வைக்கவில்லை. இரும்பு பீரோவில் பூட்டி வைத்தாள். ஆய்வேட்டில் பெயரை மாற்றினாள், ஊரை மாற்றினாள், ஆட்டை மாடாக்கினாள்.

போன் நம்பர் என்ற கட்டத்தை மட்டும் அவர்கள் சொல்லச் சொல்ல நிரப்பினாள்.

இந்தப் பக்கத்துப் பெண்ணிடம் போன் நம்பர் என்று கேட்டால் வீட்டுக்காரர் நம்பர்தான் வரும். ரேஷன் கார்டில் அதுதான், கேஸில் அதுதான், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் அதுதான். சேவுகன் சிங்கப்பூரில் இருக்கும்போது அந்த சிம் திலகவதியின் போனில் கிடக்கும். அவன் லீவில் வந்து இறங்கியதும் அவனுடைய போனுக்குப் போய்விடும். நாற்பது நாள் அவளுக்கு நம்பரே கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால் கலைமதி அந்த நம்பருக்கு அடித்தபோது திலகவதிதான் எடுத்தாள். அதனால் சந்தேகமே வரவில்லை. வெளியூரில் பிறந்தவளாக இருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள். கலைமதியும் இதே மாவட்டம், குளத்தூர். எம்.ஏ. சேரும் வரை அவளும் எல்லா விண்ணப்பத்திலும் அப்பா நம்பரைத்தான் எழுதினாள்.

இப்போது எச்சரிக்க வேண்டும். எச்சரிக்க இருக்கும் ஒரே நம்பர் அவன் கையில்.

"மிச்ச நாலு பேரு?" என்றாள்.

"மத்தியானம் போடலாம்னு..."

கலைமதி அவன் மேஜையிலிருந்த கோப்பை எடுத்தாள். நாற்பத்திரண்டு படிவம், பச்சை நாடா. பையில் வைத்தாள்.

"எங்க போற?"

"செங்கண்மாய்."

"போயி என்ன பண்ணுவ?"

கலைமதி பையைத் தோளில் மாட்டினாள். படியிறங்கினாள்.

பதினொன்றே முக்காலுக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையம். அரிமளம் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கோப்பை மடியில் விரித்து, கறுப்பு மார்க்கரைத் திறந்தாள். முதல் படிவம். போன் நம்பர் கட்டம். இடமிருந்து வலம் ஒரு கோடு. வலமிருந்து இடம் ஒரு கோடு. அடுத்தது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரிச்சை பேப்பராம்மா?"

"ஆமாங்க."

"எல்லாரையும் பெயிலாக்கிட்டியே! பாத்துப் போடு, பாவம்."

முப்பதாவது படிவத்தில் போன் வந்தது. நெறியாளர் அமுதவல்லி. டேவிட் சொல்லியிருக்கிறான்.

"கலைமதி, நீ அங்க போகக் கூடாது. நீ போய் நின்னாலே அது உண்மைன்னு ஆயிடும். இறங்கி வா. நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். கோப்ப எடுத்துட்டா போன?"

"ஆமா மேடம்."

"வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும். கோப்பு பத்திரமா வேணும்."

"நம்பரை எல்லாம் அடிச்சுட்டேன் மேடம். இன்னும் பன்னெண்டு இருக்கு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "சரிபார்க்க முடியாத தரவு தரவே இல்லைம்மா. மூணு வருஷ உழைப்பு. தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

வைத்துவிட்டு மிச்சப் பன்னிரண்டையும் அடித்தாள். மூன்று வருடம் போயிற்று என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது. பஸ் கிளம்பியது.

அரிமளத்தில் இறங்கி மினி பஸ். செங்கண்மாயில் இறங்கும்போது ஒன்றே முக்கால். வெயில் தார்ச்சாலையில் நெளிந்தது.

நீல வண்ண கேட், போர்ட்டிகோ, டைல்ஸ் பதித்த படி. போர்ட்டிகோவில் ஒரு சின்ன சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினை மாட்டிக்கொண்டிருந்தான் ஓர் ஆள். முப்பத்தெட்டு வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

"யாரு வேணும்?"

பஸ்ஸில் வரும்போது ஆறு பொய்கள் தயாரித்திருந்தாள். இன்ஷூரன்ஸ், சத்துணவு, வாக்காளர் பட்டியல். எதையும் எடுத்துப் பேசத் தெம்பில்லை. "நான் கலைமதி. யுனிவர்சிட்டிலேர்ந்து வாரேன்."

அவன் செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "காலைல போன் பண்ணது ஒங்க ஆளா?"

"ஆமாங்க."

"வாங்க டீச்சர். செருப்போட வாங்க, டைல்ஸ் சுடும். சாப்டீங்களா?"

"வேணாங்க. இப்பதான்..."

"மணி ரெண்டாகப் போகுது. வீடு தேடி வந்தவுங்கள வெறும் வயித்தோட அனுப்புனா எங்க ஆத்தா என்னைய வெளிய தள்ளிக் கதவச் சாத்திரும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "திலகா! ஒரு எலை கூடப் போடு."

திலகவதி வாசற்படிக்கு வந்தாள். கலைமதியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "வாங்க," என்றாள், வழி கேட்டு வந்தவர்களிடம் சொல்வது போல.

"தெரியுமா இவுங்கள?" என்றான் சேவுகன், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

"நூறு நாள் வேலையப்ப வந்து ஏதோ எழுதிக்கிட்டுப் போனாங்க. எல்லாரட்டயும்தான் எழுதுனாங்க."

அவளுக்குத் தெரியுமா? காலையில் வந்த போனைப் பற்றி இவன் சொல்லிவிட்டானா? கலைமதி அவள் கண்ணைத் தேடினாள். திலகவதி அதற்குள் திரும்பிவிட்டாள்.

இலை போட்டாள். சோறு, கெண்டை மீன் குழம்பு, அவரைக்காய். கலைமதி தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். எதிரே நாற்காலியில் சேவுகன். அவனுக்கு இலை இல்லை.

"நீங்க சாப்பிடலயா?"

"அப்பறம். நீங்க முள்ளப் பாத்துச் சாப்பிடுங்க. சின்ன முள்ளு, தொண்டைல சிக்குனா வம்பு."

நாலு வாய் உள்ளே போனது. குழம்பு காரமாக இருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்தது, நாக்குக்குத் தெரியவில்லை. சேவுகன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

"ஒங்க ஆளு ஒரு தலைப்பு படிச்சாரு. மொத தடவ புரியல. மறுபடி கேட்டு எழுதி வெச்சுக்கிட்டேன்." பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "கணவர் அறியாமல். கருத்தடை. மேற்கொள்ளும். மணமான பெண்கள்." காகிதத்தைத் தாழ்த்தினான். "இதுல எங்க வீட்டம்மா பேரு எதுக்கு டீச்சர் வருது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

திலகவதிக்குத் தெரியாது. இப்போதுதான் கேட்கிறாள். காலை முழுவதும் இவன் இதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் செயின் மாட்டியிருக்கிறான்.

கலைமதி பிசைந்த சோற்றைக் கீழே வைக்கவில்லை. "அது பெரிய ஆராய்ச்சிங்க. நாப்பத்திரண்டு பேரு. அதுல பாதிப் பேருதான் அந்தத் தலைப்புல உள்ள மாதிரி. மீதிப் பாதி சாதாரணமா குடும்பம் நடத்துறவுங்க. ரெண்டையும் வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாத்தான் ஆராய்ச்சி. அக்கா ரெண்டாவது பாதி."

"அப்ப இவ அப்டி இல்ல?"

"சேச்சே. அக்கா அந்த மாதிரி ஆளா? நல்ல மாதிரி. பாத்தாலே தெரியுமே."

சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள். நல்ல மாதிரி, அந்த மாதிரி. இந்த இரண்டு சொற்களை வைத்து முப்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறாள். அவை எப்படிப் பெண்களைப் பிரித்து வைக்கின்றன என்று. இப்போது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தன!

சேவுகன் நாற்காலியில் சாய்ந்தான். தோள் இறங்கியது. சிரித்தான். "அதான பாத்தேன்! காலைலேர்ந்து எச்சி முழுங்க முடியல டீச்சர். ஊருல நாலு பேருக்கு அந்த நம்பர் தெரியும். எவனாச்சும் வெளையாடுறானோன்னு பாத்தேன். அப்பறம் இவளச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்ட எனக்கே என்னையப் புடிக்கல." அடுப்படிப் பக்கம் திரும்பினான். "திலகா, எனக்கும் போடு. பசிக்குது."

திலகவதி இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள்.

முடிந்தது என்று நினைத்தாள் கலைமதி. தப்பித்தாயிற்று.

"இருந்தாலும் ஒண்ணு," என்றான் சேவுகன் மீனைப் பிரித்துக்கொண்டே. "காலைல அந்தக் கோவத்துல ஆத்தாகிட்ட நாளைக்கு புதுக்கோட்டைல ஸ்கேன் எடுக்கப் போறோம்னு சொல்லிட்டேன். காரும் சொல்லியாச்சு. போயி எடுத்துட்டே வந்துருவோம் திலகா. சந்தேகத்துக்கு இல்ல. நாலு லீவா ஒண்ணும் நிக்கல. எங்கிட்டு கோளாறுன்னு தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்கலாம்ல? படிச்சவுங்க, நீங்களே சொல்லுங்க டீச்சர்."

கலைமதி பிசைந்த சோற்றை இலையில் உதிர்த்தாள். ஸ்கேனில் அது வெள்ளைக் கோடு மாதிரி பளிச்சென்று தெரியும். திரையைக் காட்டி டாக்டரே விளக்குவார். அவள் சொன்ன பொய் இன்று மத்தியானத்திலிருந்து நாளைக் காலை வரைக்கும்தான்.

"ஸ்கேன் வேணாம்," என்றாள் திலகவதி.

"பயப்படாத. வலிக்காது."

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"காப்பர் டி."

குழம்புச் சட்டியை அவள் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள். சேவுகன் கையில் இருந்த மீன் துண்டை இலையின் ஓரத்தில் வைத்தான்.

"எப்பலேர்ந்து?"

"நாலு வருசமா. சின்னவளுக்கு ஊசி போடப் போனேன்ல, அன்னைக்கு."

"நாலு லீவு." விரல் விட்டு எண்ணினான். நகத்தில் கிரீஸ் இருந்தது. "ரெண்டாவது லீவுல நான் மாலை போட்டேன். போன லீவுல ஆவுடையார்கோயிலுக்குப் போனம். நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டல. நின்னேன்."

அடிப்பான் என்று கலைமதி காத்திருந்தாள். எழுந்து குறுக்கே நிற்க இடது கையைத் தரையில் ஊன்றினாள். அவன் எழவே இல்லை.

"என்ட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன். சின்னவ பொறந்த மறுநாள். ஆஸ்பத்திரில. ரெண்டு போதுங்கன்னேன். நீங்க வீடியோ கால்ல இருந்தீங்க. சிரிச்சீங்க."

"சிரிச்சேனா?"

"பக்கத்துல இருந்தவுங்ககிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சீங்க. அப்பறம் லைன் கட்டாயிருச்சு."

அவன் நெற்றியைச் சுருக்கினான். நிஜமாகவே தேடினான். அந்த ஆஸ்பத்திரி, அந்தத் திரை, அந்தச் சிரிப்பு. "ஞாபகம் இல்ல திலகா," என்றான் கடைசியில்.

"எனக்கு இருக்கு."

கேட் திறக்கும் சத்தம். சேவுகனின் அம்மா அழகி. ரேஷன் கடைப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டே படியேறினாள். கலைமதியைப் பார்த்ததும் நின்றாள். "இது யாரு புதுசா?"

இலையில் இருந்த ஈயை சேவுகன் ஓட்டினான்.

"ஹெல்த்துலேர்ந்து வந்துருக்காங்க ஆத்தா. கொசு கணக்கெடுக்க."

"கொசுவுக்குக் கணக்கா? ஆளுக்கே கணக்கக் காணோம். சாப்பிடு தாயி, சாப்பிடு." பையை இறக்கினாள். "ஏன்டா, நாளைக்குக் காரு எத்தன மணிக்கு? ஏழுக்கு வரச் சொல்லு. வெயிலுக்கு முன்ன போயிட்டு வந்துரலாம். நானும் வாரேன். இவளுக்கு என்னதான் கோளாறுன்னு நானும் அந்த டாக்டரம்மாவக் கேக்கணும். நாலு வருசமா வயித்த வெட்டியா வெச்சுக்கிட்டுத் திரியிறா."

திலகவதி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். கலைமதிக்கு அந்தப் பார்வை தெரியும். கண்மாய்க் கரையில் பேசும்போதும் அவள் இப்படித்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பர் டி என்ற அந்த ஒரு சொல் இப்போது அவனிடமும் இருந்தது. சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெருவுக்கு, அரை மணியில் ஊருக்கு, சாயங்காலத்துக்குள் அவள் பிறந்த ஊருக்கு.

"காரு வேணாம் ஆத்தா," என்றான் சேவுகன்.

"ஏன்டா?"

"நான் சிங்கப்பூர்லயே காமிச்சுட்டேன். கோளாறு எனக்குத்தான்."

அழகிக்குப் புரிய நேரம் ஆனது. "என்னடா ஒளர்ற? ரெண்டு புள்ள பெத்தவன்."

"அது அப்ப. பட்டறைல அந்த பெயிண்டு வாடைலயே கெடக்கேன்ல. அதுல போயிருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இனிமே நிக்காது." ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னான். "யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

அழகி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் குலுங்கினாள். பிறகு அவள் செய்தது கலைமதி எதிர்பாராதது. முழங்காலை ஊன்றி எழுந்து போய், திலகவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஒனக்குத் தெரியுமா இது?"

திலகவதி கீழே இருந்த குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலயாத்தா நீ? மலடி மாதிரி இருக்கேன்னு எத்தன தடவ பேசிருக்கேன். ஒம்புருசன் மானத்தக் காப்பாத்த எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நின்னியா? மன்னிச்சுக்கத்தா. இந்தக் கெழவிய மன்னிச்சுக்க."

அந்தக் கைகளுக்குள் திலகவதியின் கைகள் கிடந்தன. இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மாமியார் தலைக்கு மேலாக அவள் சேவுகனைப் பார்த்தாள்.

அவன் இலையை மடித்தான். எழுந்தான்.

"போதுமா?" என்றான்.

யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. பின்பக்கம் கை கழுவப் போய்விட்டான்.

மூன்று மணி மினி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கலைமதி கிளம்பியபோது, அழகியே சொன்னாள்: "போயி ஏத்தி விட்டுட்டு வாத்தா, வெளியூருப் புள்ள." இத்தனை வருடத்தில் மருமகளை அவள் வேலை இல்லாமல் ரோட்டுக்கு அனுப்புவது இதுதான் முதல் தடவை என்று திலகவதி வழியில் சொன்னாள்.

வேப்பமர நிழலில் நின்றார்கள்.

"அக்கா, நம்பர நாந்தான் எழுதுனேன். நீங்க சொன்ன ஒடனே யாரு நம்பருன்னு கேட்டுருக்கணும்."

"கேட்டுருந்தா மட்டும்? வேற நம்பரு ஏது எனக்கு?" குரலில் கோபம் இல்லை. "இங்க வரைக்கும் வந்தீல்ல. வராம இருந்துருந்தா அவரு எத்தன நாளு அந்தப் பேப்பரப் பையிலயே வெச்சுருந்துருப்பாரோ."

"நான் பொய் சொல்லிருக்கக் கூடாது."

"பொய்யில ஒண்ணுமில்ல. நல்ல மாதிரின்ன பாரு, அதத்தான் கேக்க முடியல."

கலைமதி செருப்பைப் பார்த்தாள். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"இனி என்ன பண்ணுவாரு?"

"தெரியல. அடிச்சுருந்தா எங்க ஊருக்குப் போயிருப்பேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். பிரசவ வார்டுல எப்டிக் கெடந்தேன்னு சொல்லிருப்பேன். எல்லாம் நாலு வருசமாச் சேத்து வெச்சுருந்தேன் கலைமதி. ஒண்ணையுமே கேக்காமப் போயிட்டாரே!"

"அத எடுக்கச் சொல்லுவாரா?"

"சொல்லல. சொன்னா மாட்டேன்னு சொல்லலாம். சொல்லாதப்ப என்னத்தச் சொல்றது?"

தூரத்தில் மினி பஸ்ஸின் பாட்டுச் சத்தம் கேட்டது. திலகவதி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"நீ இதத்தான படிக்கிற? பொம்பள, ஆம்பள, குடும்பம்னு. இப்ப அவரு பண்ணாருல்ல, ஆத்தாகிட்ட. அது எனக்காகப் பண்ணதா, என்னையக் கட்டிப் போடப் பண்ணதா? ஒங்க படிப்புல இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

கலைமதிக்கு மூன்று சொற்கள் தெரியும். மூன்றும் ஆங்கிலம். மூன்றும் வேறு வேறு புத்தகம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தமிழில் மாற்றி, இந்த வெயிலில் இவள் கையில் கொடுப்பதாக நினைத்துப் பார்த்தாள்.

"தெரியலக்கா."

"சரி," என்றாள் திலகவதி. ஏமாற்றமும் இல்லை. "தெரிஞ்சா சொல்லு."

பஸ் நின்றது. கலைமதி ஏறினாள். பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தாள். நீல கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கே வந்து அழகி நின்றுகொண்டிருந்தாள். பாட்டுச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது.

"வெயில்ல நிக்காம வாத்தா! நீ இன்னும் சாப்பிடல. ஒனக்குச் சோறு போட்டு வெச்சுருக்கேன்."

திலகவதி நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கேட் திறந்தே கிடந்தது.